மின்படிம வடிவ மாற்றமும் பாட நம்பகமும்: சுருக்கப்பட்ட படிமங்களைப் பழைய வரைகலைக் கோப்புகளாக மாற்றுதல்

ஆய்வுச் சுருக்கம்

சுவடிகளையும் அரிய அச்சுநூல்களையும் மின்படிமங்களின் வழியே பயிலும் முறை தமிழாய்வில் பரவலாகிவிட்டது. ஆய்வாளர் பெறும் படிமங்களுள் பெரும்பாலானவை ஜேபெக், வெப்பி போன்ற சுருக்கப்பட்ட வடிவங்களில் அமைகின்றன. எழுத்துணரி மென்பொருள்களும் அச்சகங்களும் ஆவணக் காப்பகங்களும் டிஃப், பிஎம்பி முதலிய பழைய வடிவங்களை வேண்டுவதால் வடிவ மாற்றம் தவிர்க்க இயலாததாகிறது. இம்மாற்றத்தின்போது படிமத்தில் நிகழ்வன யாவை, அவை தமிழ் எழுத்தின் புள்ளியையும் கொம்பையும் எவ்வாறு பாதிக்கின்றன, பாட ஆய்வில் இதனால் எழும் சிக்கலை எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்படிமம், இழப்புள்ள சுருக்கம், டிஃப், ஜேபெக், புள்ளி, பாடவேறுபாடு, மூலபாட ஆய்வு.

1. முன்னுரை

ஒரு நூலின் மூலபாடத்தைத் துணிய விரும்புவோர் முதலில் கேட்கும் வினா, ‘இப்படி எதனைப் பார்த்து எழுதப்பட்டது?’ என்பதாகும். ஏடு பெயர்த்தெழுதுதலில் ஒவ்வொரு படியும் சில பிழைகளை நீக்கியும் சில பிழைகளைச் சேர்த்தும் வந்துள்ளது என்பதைப் பதிப்பு வரலாறு உணர்த்துகிறது. ஆகவே படிகளின் வழிமுறையை அறிந்த பின்னரே பாடத்தின் மதிப்பு உறுதி செய்யப்படுகிறது.

மின்படிமத்தைக் கையாளும்போது இவ்வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. படிமம் என்பது மூலத்தின் நேர்நிழல் என்றும், கோப்பின் வடிவத்தை மாற்றுவது உறையை மாற்றுவது போன்றது என்றும் கருதப்படுகிறது. டிஃப் கோப்பு தரமானது, ஜேபெக் கோப்பு தரம் குறைந்தது என்னும் பொதுக்கருத்தின் அடிப்படையில், கிடைத்த ஜேபெக் கோப்பை டிஃப் ஆக மாற்றிவிட்டால் தரம் உயர்ந்துவிடும் என்று எண்ணுவாரும் உளர். இவ்வெண்ணம் ஏன் பொருந்தாது என்பதை, மாற்றம் நிகழும் முறையை விளக்குவதன்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2. பழைய வடிவங்களும் அவற்றின் இன்றைய தேவையும்

மின்படிமம் என்பது பிக்சல் எனப்படும் படவணுக்களின் வரிசை. ஒவ்வொரு படவணுவுக்கும் ஒளியளவையோ நிறத்தையோ குறிக்கும் எண்மதிப்பு உண்டு. இவ்வெண்களை எவ்வாறு அடுக்கிச் சேமிப்பது என்னும் விதியே கோப்பு வடிவம் ஆகும்.

1980களில் தோன்றிய வடிவங்கள் இவ்வடுக்கலை எளிமையாகவே செய்தன. பிசி பெயிண்ட்பிரஷ் என்னும் வரைகலை மென்பொருளுக்கென இசட்சாஃப்ட் நிறுவனம் உருவாக்கிய பிசிஎக்ஸ், அடுத்தடுத்து வரும் ஒரே மதிப்பை எண்ணிக்கையால் குறிக்கும் முறையைக் கொண்டது. 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்ட ஜிஃப், ஒரு படிமத்தில் 256 நிறங்களுக்கு மட்டுமே இடமளிப்பது. விண்டோஸ் சூழலுக்குரிய பிஎம்பி, பெரும்பாலும் எவ்வகைச் சுருக்கமும் இன்றிப் படவணு மதிப்புகளை அப்படியே எழுதிவைப்பது. 1986இல் ஆல்டஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய டிஃப், 1992இல் அதன் 6.0 பதிப்பை எட்டியது. அப்பதிப்பே இன்றளவும் அடிப்படை வரையறையாகப் பயன்படுகிறது.

இவ்வடிவங்கள் பழையனவாயினும் வழக்கொழியவில்லை. விரிவான வரையறை பொதுவில் கிடைப்பதாலும் பல தலைமுறை மென்பொருள்கள் அதனைப் படிக்க வல்லன என்பதாலும் நெடுங்காலப் பாதுகாப்பிற்கு டிஃப் விரும்பப்படுகிறது. எழுத்துணரி மென்பொருளான டெசராக்ட், தன் இரண்டாம் பதிப்பு வரை டிஃப் படிமங்களை மட்டுமே ஏற்றது. அச்சுப்பணியிலும் டிஃப் நெடுநாள் வழக்காக உள்ளது. இதற்கு மாறாக, ஆய்வாளரின் கைக்கு வரும் படிமங்களோ புதிய சுருக்க வடிவங்களில் அமைகின்றன. மின்னூலகங்களின் பதிவிறக்கங்கள் ஜேபெக் ஆகவும், இணையப் பக்கங்களின் படங்கள் 2010இல் கூகுள் அறிமுகப்படுத்திய வெப்பி ஆகவும், 2017க்குப் பிந்தைய ஐபோன்களில் எடுக்கப்படுபவை ஹெய்க் ஆகவும் உள்ளன. இவ்விரு உலகங்களையும் இணைக்கும் பாலமாகவே வடிவ மாற்றம் அமைகிறது.

3. சுருக்கத்தில் நிகழும் இழப்பு

சுருக்கம் இருவகைப்படும். விரித்தால் முதலில் இருந்த எண்கள் ஒன்றும் மாறாமல் மீள்வது இழப்பற்ற சுருக்கம். கண்ணுக்கு எளிதில் தோன்றாதெனக் கருதப்படுவனவற்றை நீக்கிவிட்டு, எஞ்சியதைச் சேமிப்பது இழப்புள்ள சுருக்கம். ஜிஃப், பிஎன்ஜி ஆகியன முதல் வகையைச் சார்ந்தவை. பரவலாகப் பயன்படும் ஜேபெக் இரண்டாம் வகையைச் சார்ந்தது. வெப்பி, ஜேபெக் 2000 ஆகியவற்றில் இருவகைச் சுருக்கத்திற்கும் இடமுண்டு.

ஜேபெக் சுருக்கத்தின் கணித அடிப்படை, 1974இல் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் வெளியிட்ட தனிநிலைக் கொசைன் உருமாற்றம் ஆகும். இதன்படி படிமம் எட்டுக்கு எட்டுப் படவணு கொண்ட கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒரு கட்டத்திலுள்ள 64 ஒளியளவுகள், மெல்ல மாறும் பரப்புகளையும் விரைந்து மாறும் விளிம்புகளையும் தனித்தனியே குறிக்கும் 64 கெழுக்களாக மாற்றப்படுகின்றன. பின்னர் ஒவ்வொரு கெழுவும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுக்கப்பட்டு முழு எண்ணாக்கப்படுகிறது. இழப்பு நிகழும் இடம் முதன்மையாக இதுவே.

சான்றாக, ஒரு கெழுவின் மதிப்பு 37, வகுக்கும் எண் 16 எனக் கொள்வோம். ஈவு 2.31, சேமிக்கப்படுவது 2. விரிக்கும்போது 2 × 16 = 32 என்றே கிடைக்கும். மற்றொரு கெழுவின் மதிப்பு 7 ஆயின் ஈவு 0.44, சேமிக்கப்படுவது 0. அக்கெழு முற்றிலும் மறைகிறது. நுண்ணிய விளிம்புகளைக் குறிக்கும் கெழுக்களுக்குப் பெரிய வகு எண்களே பொதுவாக அமைவதால் முதலில் மறைவன அவையே. நிலக்காட்சிப் படத்தில் இது தோன்றாது. எழுத்துப் பக்கத்திலோ விளிம்பே எழுத்தாக அமைகிறது.

இதனுடன் நிறத்தகவலும் குறைக்கப்படுவதுண்டு. நான்கு படவணுக்களுக்கு ஒரு நிறமதிப்பு என்னும் முறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. காகிதச் சுவடியில் கருப்பு மையெழுத்தின் மேல் சிவப்பு மையில் இடப்பட்ட மெல்லிய திருத்தக்கோடு இம்முறையால் மங்கித் தன் நிறவேறுபாட்டை இழக்கக்கூடும். எது முதற்கை, எது திருத்தக்கை என்னும் வினாவுக்கு நிறமே சான்றாகும் இடங்களில் இவ்விழப்பு சிறியதன்று.

4. மாற்றத்தின் படிநிலைகள்

சுருக்கப்பட்ட கோப்பைப் பழைய வடிவத்திற்கு மாற்றும்போது மென்பொருள் நான்கு செயல்களை நிகழ்த்துகிறது.

முதலாவது, விரித்தல். சுருக்கத்தில் எஞ்சிய எண்களிலிருந்து படவணுக்கள் மீளக் கணிக்கப்படுகின்றன. நீக்கப்பட்டவை இங்கு மீள்வதில்லை. அங்குலத்திற்கு 300 படவணு வீதம் வருடப்பட்ட ஏ4 அளவுப் பக்கம் 2480 × 3508 படவணுக்களைக் கொண்டது. வண்ணப் படிமமாயின் ஒவ்வொரு படவணுவுக்கும் மூன்று பைட்டு வீதம் சுருக்கமிலா டிஃப் கோப்பு ஏறத்தாழ 26 மெகாபைட்டு அளவினதாகும். 1 மெகாபைட்டு ஜேபெக் கோப்பிலிருந்து இதனைப் பெறும்போது கோப்பு 26 மடங்கு பருக்கிறது; தகவல் சிறிதும் பெருகுவதில்லை.

இரண்டாவது, நிறவாழத்தைப் பொருத்துதல். பெறும் வடிவம் 256 நிறங்களையோ, கருப்பு வெள்ளை ஆகிய இரண்டையோ மட்டும் ஏற்குமாயின் எஞ்சியவை அவற்றுள் அடக்கப்படுகின்றன. 256 நிறங்களாகக் குறைக்கும்போது இடைநிறங்களைக் காட்டுவதற்காகப் பல மென்பொருள்கள் நுண்துகள்களைத் தூவுகின்றன. பழுப்பேறிய ஓலையின் பரப்பில் இத்துகள்கள் எழுத்தைச் சுற்றியும் பரவும். ஒளிபுகும் பின்னணி கொண்ட வெப்பி படிமம், அதற்கு இடமில்லாத வடிவத்திற்கு மாறும்போது பின்னணி கருமையாகிவிடுவதும் உண்டு. கருநிற எழுத்து அதில் மூழ்கிவிடும்.

மூன்றாவது, மீத்தரவை இடம்பெயர்த்தல். படம் எடுத்த நாள், கருவி, திசை, நுணுக்க அளவு முதலிய குறிப்புகள் ஜேபெக் கோப்பினுள் அமைவன. பிஎம்பி வடிவில் இவற்றுள் பலவற்றுக்கு இடமில்லை. திசைக்குறிப்பு விடுபட்டால் ஏடு பக்கவாட்டில் திரும்பித் தோன்றும். நுணுக்கக் குறிப்பு விடுபட்டால் மென்பொருள் 72 போன்ற ஓர் இயல்பெண்ணைத் தானே இட்டுக்கொள்ளக்கூடும்; அதனை நம்பி எழுத்தின் உயரத்தையோ ஏட்டின் நீளத்தையோ கணக்கிடுவோர் தவறான அளவைப் பெறுவர்.

நான்காவது, புதிய அடுக்கில் எழுதுதல். இங்கு டிஃப் வடிவின் நெகிழ்ச்சி கருதத்தக்கது. டிஃப் கோப்பினுள் சுருக்கமின்மை, இழப்பற்ற எல்இசட்டபிள்யூ சுருக்கம், தொலைநகலிக்கென அமைந்த குரூப் 4 சுருக்கம், இழப்புள்ள ஜேபெக் சுருக்கம் ஆகிய எதுவும் அமையலாம். எனவே ‘டிஃப்’ என்னும் பெயரீறு மட்டும் இழப்பின்மைக்குச் சான்றாகாது.

5. புள்ளியும் கொம்பும்: பாடத்தில் நேரும் விளைவு

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒத்த வடிவின. இவற்றைப் பொருள்நோக்கிப் பகுத்தறிவது சுவடி வாசிப்பின் அடிப்படைப் பயிற்சி. அச்சுநூலோ புள்ளியையும் இரட்டைக்கொம்பையும் தெளிவாகக் காட்டுவது. அச்சுப்பக்கத்தின் படிமத்தில் இவை சிதையுமாயின், ஓலைக்குரிய ஐயம் அச்சுக்கும் வந்துசேர்கிறது.

புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர் எனக் கொண்டால், அங்குலத்திற்கு 300 படவணு உள்ள படிமத்தில் அது ஏறத்தாழ 6 படவணு அகலம் பெறும். ஜேபெக் கட்டத்தின் பக்கம் அப்படிமத்தில் 0.68 மில்லிமீட்டர். அதாவது புள்ளி முழுவதும் ஒரே கட்டத்தினுள் அடங்கிவிடக்கூடும். அக்கட்டத்தின் நுண்கெழுக்கள் நீங்கினால் புள்ளி மங்கிய நிழலாகிறது. அங்குலத்திற்கு 72 படவணு எனக் குறைக்கப்பட்ட படிமத்தில் அப்புள்ளிக்கு ஒன்றரைப் படவணுகூட எஞ்சுவதில்லை.

இந்நிலையிலுள்ள படிமத்தை எழுத்துணரிக்காகக் கருப்பு வெள்ளை டிஃப் ஆக மாற்றும்போது சிக்கல் முழுமை பெறுகிறது. குறிப்பிட்ட ஒளியளவுக்குக் கீழுள்ளவை கருப்பு, மேலுள்ளவை வெள்ளை என வரம்பிடப்படுகின்றன. 1979இல் நொபுயுகி ஒட்சு வகுத்த முறை, பக்கம் முழுமைக்கும் ஒரே வரம்பைக் கணிப்பது. மங்கிய புள்ளி வரம்பைத் தாண்டினால் வெள்ளையாகி மறையும். ‘பல்’ என்பது ‘பல’ ஆகும். இரட்டைக்கொம்பின் சுழி அடைபட்டால் ‘தேன்’ என்பது ‘தென்’ ஆகவும், ‘கோல்’ என்பது ‘கொல்’ ஆகவும் வாசிக்கப்படும்.

இதன் மறுதலையும் நிகழ்வதுண்டு. ஜேபெக் சுருக்கம் எழுத்தின் விளிம்பைச் சுற்றி மெல்லிய சாம்பல்நிறத் துகள்களை உண்டாக்குகிறது. இவற்றுள் ஒன்று எழுத்தின் தலைமேல் அமைந்து, வரம்பிடுதலில் கருப்பாகிவிட்டால், மூலத்தில் இல்லாத புள்ளி தோன்றும். உயிர்மெய் மெய்யாகும். இவ்வாறு எழும் வடிவம் பொருளுடைய சொல்லாகவும் அமைந்துவிடுமாயின் அது பிழையெனத் தெரியாமல் பாடவேறுபாடாகப் பதிவாகும் வாய்ப்புண்டு. செய்யுளாயின் அசையும் தளையும் மாறுவதால் யாப்பின் துணைகொண்டு ஐயுறலாம். உரைநடைக்கு அத்துணையும் இல்லை.

6. மறைக்கப்படும் தடயம்

மேற்கூறிய இழப்புகளுள் பெரும்பகுதி சுருக்கத்தின்போதே நிகழ்ந்துவிடுகிறது. நிறமோ அளவோ குறைக்காமல் ஜேபெக் கோப்பைச் சுருக்கமிலா டிஃப் ஆக மாற்றும் செயல் புதிதாக எதனையும் இழக்கச் செய்வதில்லை. திருத்தப் பணிகளுக்கு அது நன்மையும் தரும். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்தி மீண்டும் ஜேபெக் ஆகவே சேமிக்கும்போது ஏற்படும் அடுக்கிழப்பு இங்கு நிகழாது. அவ்வாறாயின் மாற்றத்தில் சிக்கல் யாது என்னும் வினா எழுகிறது.

மாற்றம் இழப்பின் தடயத்தை மறைக்கிறது என்பதே அதற்குரிய விடை. ஜேபெக் என்னும் பெயரைக் காணும் ஆய்வாளர், இழப்பு இருக்கக்கூடும் என்று எச்சரிக்கை கொள்கிறார். அதே படிமம் 26 மெகாபைட்டு டிஃப் ஆகக் கிடைக்கும்போது, வருடியிலிருந்து நேரே பெற்ற முதற்படியாக அதனைக் கருத இடமுண்டாகிறது. டிஃப் கோப்பின் தலைப்பகுதி பைட்டு வரிசையையும் வடிவ எண்ணையும் முதல் அடைவின் இடத்தையும் கூறுமேயன்றி, படவணுக்கள் வந்த வழியைக் கூறாது.

பதிப்பு மரபு இத்தகைய மறைப்பை ஏற்றதில்லை. உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. பிற்பகுதிப் பாடல்கள் பல சிதைந்த அடிகளுடன் உள்ளன. அவ்விடங்கள் ஊகத்தால் நிரப்பப்படாமல் விடுபாடுகளாகவே காட்டப்பட்டமையால், ஏட்டின் சிதைவு எங்குள்ளது என்பதைப் பயில்வோர் அறிய முடிகிறது. வடிவம் மாற்றப்பட்ட படிமத்திலோ சிதைவு சிதைவாகத் தோன்றுவதில்லை; எழுத்தாகவே தோன்றுகிறது.

இதன் கடுமையான வடிவத்தைக் குறியுருப் பதிலீட்டுச் சுருக்கத்தில் காணலாம். பிடிஎஃப் கோப்புகளில் இடம்பெறும் ஜேபிக்2 முறை, பக்கத்திலுள்ள ஒத்த வடிவங்களை ஒருமுறை சேமித்து, பிற இடங்களில் அதனையே பதிலிட வல்லது. 2013இல் ஜெர்மானியக் கணினியியலாளர் டேவிட் க்ரீசல், அலுவலக நகலிகள் சில வருடிய ஆவணங்களில் எண்களை மாற்றிவிடுவதை வெளிப்படுத்தினார். 6 என்னும் இலக்கம் சில இடங்களில் 8 ஆகியிருந்தது. மாறிய இலக்கம் மங்கலாக அன்றித் தெளிவாகவே இருந்தமையால் ஐயம் எழவில்லை. எகர ஏகாரம், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு, ரகரம் கால் என நுண்வேறுபாட்டு இணைகள் மிகுந்த தமிழுக்கு இது பெரிதும் பொருந்தும் எச்சரிக்கையாகும். இவ்வாறு சுருக்கப்பட்ட பக்கத்தைப் பிரித்தெடுத்துக் குரூப் 4 டிஃப் ஆக மாற்றிவிட்டால், பதிலீடு நிகழ்ந்ததற்கான அடையாளம் கோப்பில் எஞ்சாது.

7. மாற்றத்தில் கடைப்பிடிக்கத்தக்க முறைகள்

பெற்ற கோப்பை அதன் மூலவடிவிலேயே தனியே காத்தல் முதன்மையானது. மாற்றப்பட்ட கோப்பு பணிப்படி மட்டுமே. ஐயம் எழும்போது மீளவேண்டிய இடம் பெற்ற கோப்பே ஆகும். மாற்றத்தையும் ஒவ்வொரு முறையும் அம்மூலக்கோப்பிலிருந்தே செய்தல் வேண்டும். வெப்பியிலிருந்து ஜேபெக், ஜேபெக்கிலிருந்து டிஃப் எனச் சங்கிலியாகச் செல்வது இடையில் தேவையற்ற இழப்பைச் சேர்க்கும். செய்திச் செயலிகளின் வழியே படமாக அனுப்பப்பட்ட கோப்புகள் பெரும்பாலும் அளவு குறைந்தும் மறுசுருக்கம் பெற்றும் வருவதால், இயன்றவரை கோப்பை ஆவணமாகவே பெறுதல் நன்று.

நெடுங்காலப் பணிப்படிக்குச் சுருக்கமிலா டிஃப் அல்லது எல்இசட்டபிள்யூ டிஃப் ஏற்றது. மிகப் பழைய மென்பொருளுக்காயின் சுருக்கமின்மையே பாதுகாப்பானது. எழுத்துணரிக்குக் கருப்பு வெள்ளைப் படிமம் தேவையாயினும், வாசிப்பிற்கும் ஒப்பீட்டிற்கும் வண்ணமோ சாம்பல்நிறமோ கொண்ட படி உடனிருத்தல் வேண்டும். கறை படிந்த, ஒளி சீரற்ற ஓலைகளுக்குப் பக்கம் முழுமைக்கும் ஒரே வரம்பிடுவதைத் தவிர்த்து, சிறுபரப்புதோறும் வரம்பு கணிக்கும் முறையை மேற்கொள்ளலாம். நுணுக்கக் குறிப்பைத் திருத்தும்போது படவணு எண்ணிக்கை மாறாதவாறு காத்தல் இன்றியமையாதது. 72 என்பதை 300 ஆக்குவதற்காகப் படவணுக்களைப் புதிதாகப் பெருக்குவது கற்பனை விளிம்புகளையே உண்டாக்கும்.

கைக்கு வந்த டிஃப் கோப்பு முதற்படியா என ஐயுற்றால், அதனை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். எட்டு படவணு இடைவெளியில் சீரான கட்டக்கோடுகளும் எழுத்தைச் சூழ்ந்த துகள்களும் காணப்பட்டால், அது முன்னர் ஜேபெக் ஆக இருந்தது எனத் துணியலாம். ஒரே பக்கத்தில் ஓர் எழுத்தின் பல வருகைகள் படவணு அளவில் முற்றிலும் ஒத்திருப்பின், குறியுருப் பதிலீடு நிகழ்ந்திருத்தல் கூடும். அச்சில் மை படியும் முறை இடத்திற்கு இடம் சிறிதேனும் வேறுபடுவது இயல்பு.

இவை அனைத்தினும் சிறந்தது வழிமுறையைப் பதிவுசெய்தல். சுவடி எழுதியோர் இறுதியில் தம் பெயரையும் முடித்த நாளையும் குறித்த வழக்கம் இதற்கு முன்மாதிரியாகும். பாடம் காட்டும் ஆய்வேட்டிலும் பதிப்பிலும் பின்வருமாறு ஒரு குறிப்பு அமையலாம்: ‘மூலக்கோப்பு: ஜேபெக், வண்ணம், 2480 × 3508 படவணு. நேர்வருடற்படி கிடைக்கவில்லை. பணிப்படி: டிஃப், சாம்பல்நிறம், சுருக்கமின்மை, மாற்றம் ஒருமுறை. ஐயத்திற்குரிய புள்ளிகள் மூலக்கோப்புடன் ஒப்பிடப்பட்டன.’ வெவ்வேறு மென்பொருள்கள் ஒரே ஜேபெக் கோப்பை விரிக்கும்போது படவணு மதிப்புகள் சிறிது வேறுபடக்கூடுமாதலால், மென்பொருளின் பெயரையும் பதிப்பெண்ணையும் சேர்த்தல் தகும்.

8. முடிவுரை

சுருக்கப்பட்ட படிமத்தைப் பழைய வரைகலை வடிவத்திற்கு மாற்றுதல், நீங்கிய தகவலை மீட்பதில்லை. நிறத்தைக் குறைக்காத நேர்மாற்றம் புதிய இழப்பைத் தருவதில்லை. நிறக்குறைப்பும் வரம்பிடுதலும் புள்ளியையும் கொம்பையும் நேரடியாகத் தாக்குகின்றன. எவ்வகை மாற்றமாயினும் படிமத்தின் முன்வரலாற்றை மறைத்து, வழிப்படியை முதற்படிபோல் தோன்றச் செய்வது அதன் பெருங்கேடாகும்.

ஓலை அழிந்து, அச்சுப்படி அரிதாகி, மின்படிமம் ஒன்றே எஞ்சும் நூல்களுக்கு அப்படிமமே நாளைய மூலமாகும். அந்நிலையில் ஒரு புள்ளி நூலாசிரியருடையதா, அச்சுக்கோத்தவருடையதா, சுருக்கக் கணிப்பினுடையதா என்பதை வேறுபடுத்தி அறிய, இன்று எழுதிவைக்கப்படும் வழிமுறைக் குறிப்பே துணைநிற்கும். ஆதலின் படிமத்தின் வழிமுறையைக் குறிப்பிடுவது, ஏட்டின் வழிமுறையைக் குறிப்பிடுவதற்கு நிகரான பதிப்புக்கடமை எனக் கொள்ளத்தகும்.